பட்டியலில் பத்தொன்பதாவது பெயர்

ஆறு வருஷம் நான் செத்துப்போனவனாக இருந்தேன். தந்தி வந்தது, பட்டியலில் பெயர் ஏறியது, பிறகு துறைமுகத்துக் கல்லிலும் வெட்டினார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. செத்தது என் அண்ணன் என்பது ஒன்றுதான் குறை. அதை ஓர் அலுவலகத்துக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அண்ணன் பதினாறு வயதில் கப்பலேறியவன். போர்க்கப்பல் இல்லை, மரமும் நிலக்கரியும் ஏற்றிப்போகிற சரக்குக் கப்பல். இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம் அந்த இரைச்சலுக்குள்ளேயே கிடந்ததில் காது போய்விட்டது. அதற்காக அவன் வேலையில் சோடை போகவில்லை. உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்தே எந்த இடத்தில் சூடேறுகிறது என்று சொல்லிவிடுவானாம். கரைக்கு வந்தால்தான் தொல்லை. அவன் காதோடு காதாகச் சொல்கிற ரகசியம் தெருமுனை ரொட்டிக்கடை வரை கேட்கும். ஊரில் அவனுக்குச் சத்தக்காரன் என்று பெயர். அண்ணி மட்டும் சத்தம் போடமாட்டார். அவன் தோளில் இரண்டு தட்டு தட்டி, அவன் திரும்பிய பிறகு மெதுவாகப் பேசுவார். அது அவனுக்கு விளங்கும்.

ஒரு வருஷம் உடல் பரிசோதனையில் மருத்துவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார். இவன் ஜன்னல் வழியாகப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அவனுடைய கப்பல் புத்தகத்தில் ‘தகுதியில்லை’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். மாலுமிக்கு அந்தப் புத்தகம்தான் எல்லாம். பெயர், புகைப்படம், போன பயணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது.

பிறகு இரண்டு வருஷம் என் சைக்கிள் கடையில் உட்கார்ந்து என் உயிரை வாங்கினான். “ட்யூப் போயிடுச்சு!” என்று அவன் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டு, சண்டைக்கு வருகிறான் என்று நினைத்துப் பாதிப்பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். நான் திட்டினால் அவனுக்குக் கேட்காது. திட்டியும் பலனில்லை என்றால் மனுஷனுக்கு எவ்வளவு எரிச்சல் வரும்!

அப்போதுதான் போர் வந்தது. சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். முத்திரை விழாத புத்தகம் இருந்தால் போதும், பரிசோதனைகூட இல்லை என்று செய்தி வந்தது. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. இருபது வயதில் ஒரே ஒரு பயணம் போய், போன வழியெல்லாம் வாந்தியெடுத்து, இனி கடலே வேண்டாம் என்று திரும்பியவன் நான்.

“உன் புத்தகத்தக் குடுடா. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதானே, எவன் பாக்கப்போறான்?” என்று அண்ணன் கேட்டான். தெருவுக்கே கேட்டது.

கொடுத்தேன். அண்ணனின் ஆசைக்காகக் கொடுத்தேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஆளை விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

மூன்றாவது பயணத்தில் கப்பலில் குண்டு பாய்ந்தது. தந்தி என் பெயருக்கு, என் மனைவியின் கைக்கு வந்தது. நான் இறந்துவிட்டதாக அதில் இருந்தது. நான் பக்கத்தில் நின்று ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அண்ணி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். யார் போய்ச் சொல்வது என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் என் மனைவிதான் போனாள்.

அந்தக் கப்பலிலிருந்து உயிர் தப்பிய சமையற்காரர் ஒருவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். “மேல வரச்சொல்லி மணி அடிச்சாங்க. எல்லாரும் ஏறிட்டோம். இவரு மட்டும் குழாயில கைய வச்சுக்கிட்டு நின்னாரு. உங்க பேரச் சொல்லித்தான் கத்துனோம். திரும்பவே இல்ல,” என்றார்.

என் பெயர் என்பதால் திரும்பவில்லையா, காது கேட்காமல் திரும்பவில்லையா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அன்று சமையற்காரர் போன பிறகு அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அவரு பேர எங்கயாவது எழுதச் சொல்லுங்க தம்பி. இருந்தாரு, போனாருன்னு ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்.”

போர் முடிந்ததும் துறைமுகத்தில் கல் வைத்தார்கள். நாற்பத்தொரு பெயர்கள். பத்தொன்பதாவது என் பெயர். அண்ணி வாரம் ஒருமுறை போய் அதன் முன்னால் நின்றுவிட்டு வருவார். அதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. செருப்புத் தேயத் துறைமுக அலுவலகத்துக்கு நடந்தேன்.

“செத்தது யாரு?” என்றார் எழுத்தர்.

“பட்டியல்படி நான்தாங்க.”

“அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?”

“நான் சாகலன்னு சொல்றதுக்கு.”

“அதுக்கு அத்தாட்சி வேணுமே. கப்பல் புத்தகத்தக் கொண்டாங்க.”

“அது கடலுக்கு அடியில இருக்குங்க.”

“அப்ப அது கெடைச்சதும் வாங்க,” என்றார். கிண்டல் செய்யவில்லை. மனுஷன் நிஜமாகவே சொன்னார். பதினொரு முறை போனேன். பதினொரு முறையும் நான் உயிரோடுதான் போனேன், அவர்தான் நம்பவில்லை.

கடைசியில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் வழி சொன்னார். புத்தகத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் பட்டியலைத் திருத்தலாம். ஆனால் அது குற்றம், உள்ளே போக வேண்டியிருக்கும். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் உள்ளே இருந்தேன். அண்ணனுக்கு இதையாவது செய்தேனே என்று அங்கே நிம்மதியாகத் தூங்கினேன்.

வெளியே வந்தபோது கடிதம் காத்திருந்தது. என் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. என் அண்ணன் முறைப்படி வேலையில் சேர்ந்தவர் அல்லர் என்பதால் அவர் பெயரைச் சேர்க்க விதியில் இடமில்லை.

கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன். அண்ணி எனக்கு முன்பே அங்கே இருந்தார். பத்தொன்பதாவது வரியில் சிமெண்ட் பூசி, வழவழவென்று தேய்த்திருந்தார்கள். அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய், “அண்ணி, நான் இன்னொரு மனு போடறேன்,” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“உங்க பேரு இருந்தப்ப அது அவருதான்னு எனக்குத் தெரியும் தம்பி. இப்ப நான் எதுக்கு முன்னால நிக்கிறது?”