வெறும் கம்பிக்கு ஐம்பத்தெட்டு

என் வீட்டுக்காரிக்கு வேலை, அறைக்குள் வெயில் அடிக்கவைப்பது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சூரிய வெளிச்சத்துக்கு ஈடான ஒரு விளக்கு இருக்கிறது. அதன் கீழே உள்ளங்கை அகல கறுப்பு ரப்பர் சீட்டுகளை வைத்து, எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளந்து நோட்டில் எழுதுவாள். ரப்பருக்குள் கண்ணுக்கே தெரியாத கரித்துகள் கலந்திருக்கும். வெளிச்சத்தை வாங்கிச் சூடாக மாற்றுவது அந்தத் துகள்தான். நல்ல சீட்டாக அமைந்தால் அடுப்பே இல்லாமல் வெயிலில் தண்ணீர் காய்ச்சலாம் என்கிறார்கள். மாணவர்கள் அவளை 'விளக்கு அக்கா' என்பார்கள். வீட்டில் நான் வைத்திருக்கும் பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் இன்று எனக்குச் சாப்பாடு கிடையாது.

அளப்பதென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை மூன்று தடவை வைத்துப் பார்ப்பாள். அதற்குள் காய்ச்சலே சலித்துப்போய் இறங்கிவிடும்.

பன்னிரண்டு வருடம் அவள் தற்காலிக ஊழியராகத்தான் இருந்தாள். ஒவ்வொரு வருடமும் நீட்டிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை பெரிய செலவு எதையும் தொடமாட்டோம். போன வருடம்தான் ஒரு வழி பிறந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி செய்த சீட்டு எண்பத்துநான்கு டிகிரி காட்டியது. அதுவரை அந்தக் கூடத்தில் எந்தச் சீட்டும் எழுபத்தைந்தைத் தாண்டியதில்லை. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமை கட்டுரையும் போகுது, உங்க விண்ணப்பமும் போகுதும்மா. இந்த ரிசல்ட்டைக் காட்டியே உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்றேன்" என்றார்.

புதன்கிழமை அந்தக் கூடத்தில் மின்விசிறி கிறீச்சிட ஆரம்பித்தது. நான் எலக்ட்ரீஷியன். எதிர்த் தெருவில் கடை என்பதால் கல்லூரியில் எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஏணி மேல் நின்று திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கீழே அவள் அளந்து முடித்த சீட்டை எடுத்து டப்பாவில் வைக்கப் போனாள். விளக்கை அணைக்கவில்லை. சூடு காட்டும் மீட்டர் இறங்கியது, பிறகு ஓர் எண்ணில் அப்படியே நின்றுவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்மா, சீட்டைத்தான் எடுத்துட்டியே. அப்புறம் எதுக்கு ஐம்பத்தெட்டு காட்டுது?"

அவள் திரும்பி மீட்டரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை ஏணி மேலிருந்தே பார்த்தேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டது நான்தான்.

விஷயம் இதுதான். சீட்டை வைக்கப் பழைய தாங்கி ஒன்று இருந்தது. அதில் சூடு அளக்கும் கம்பி சீட்டுக்கு அடியில் போகும். இரண்டு மாதம் முன்பு வாங்கிய புதிய தாங்கியில் கம்பி மேலே இருந்து தொடும். ஆகவே விளக்கு வெளிச்சம் கம்பி நுனியிலும் விழுந்து, கம்பியும் தன் பங்குக்குத் தனியாகச் சூடாகியிருக்கிறது. இரண்டு மாதமாக அவள் எழுதிய எண்களில் கம்பியின் சூடும் கலந்திருந்தது.

அப்போதே கம்பியை அடியில் மாற்றி, அதே சீட்டை வைத்து, மறுபடி அளந்தாள். எழுபத்தொன்று.

நான் இறங்கி வந்து மெதுவாகச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை போகட்டும். அடுத்த வாரம் சொல்லிக்கலாம். பன்னெண்டு வருஷம்மா."

"விளையாடறீங்களா? அந்தப் பொண்ணு இதை நம்பி ஊரெல்லாம் சொல்லப்போகுது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு நுணல். அவள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஸ்பேனரும் கையுமாகப் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"புது தாங்கியை மாட்டினது நான்தான் சார். முதல் நாளே வெறும் கம்பியை வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. எண்பத்துநாலு தப்பு, எழுபத்தொண்ணுதான்."

அவர் கையிலிருந்த பேனாவை மேஜையில் எறிந்தார். பிறகு கேட்டார்: "இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

அந்தக் கோபத்திலும் மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. "அப்போ உங்க விண்ணப்பத்துல நான் என்னதாம்மா எழுதறது?" என்றார்.

"எழுபத்தொண்ணுன்னே எழுதுங்க சார்."

கட்டுரை நின்றது. அந்த மாணவி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் இருவருமாக உட்கார்ந்து அந்த மாணவி செய்த பத்தொன்பது சீட்டுகளையும் முதலிலிருந்து அளந்தார்கள். உதவாது என்று முன்பு அளக்காமலே ஓரங்கட்டிய ஒன்று எழுபத்தாறு காட்டியது. பழைய எழுபத்தைந்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதல். அதற்கே அந்தப் பெண் என் வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம்.

விண்ணப்பம் மட்டும் சொன்ன நாளில் போனது. அதன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பேராசிரியர் இப்படி எழுதியிருந்தார்: "எங்கள் அளவு தவறு என்று கண்டுபிடித்தவர், அன்றே தானாக வந்து சொன்னவர்." பத்தொன்பது வருடமாக அவளோடு வாழ்கிறேன். அவளைப் பற்றி நான் ஒரு வரிகூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

நான்கு மாதம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் இவள், "கொஞ்சம் நில்லு" என்றாள். பன்னிரண்டு வருட அனுபவம் என்று இருக்கவேண்டிய இடத்தில் பதிமூன்று என்று அச்சாகியிருந்தது.

"ஒரு வருஷம் கூடத்தானே போட்டிருக்காங்க? நல்லதுதானே? திருப்பிக் கொடுத்தா மறுபடி எங்கெங்க சுத்துமோ, யார் கண்டா? உன் கால்ல வேணா விழறேன், வாயை மூடிக்கிட்டு இரு."

நான் பேசி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

திருத்திய உத்தரவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவள் அவள் ஒருத்திதான்.