கொழும்பில் கேட்ட தெரு

கொழும்புக்குப் பிழைக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாடகைக்கு அறை தேடும்போது நம் ஊர்க்காரர் வாசலை மிதிக்காதீர்கள். தூத்துக்குடியில் கப்பலேறிப் போய் இறங்கிய அன்றே, அங்கே கடை வைத்திருந்த முக்கூடல் அண்ணாச்சி ஒருவரிடம் அறை கேட்டேன்.

“எந்த ஊரு வே?”

“முக்கூடல்தான் அண்ணாச்சி.”

“அது சரி, எந்தத் தெரு?”

சொன்னேன். தெருவிலிருந்தே சாதி தெரிந்துவிட்டது அவருக்கு.

“அறை ஒண்ணும் காலி இல்ல வே.”

அவர் முதுகுக்குப் பின்னால் காலி அறை திறந்தே கிடந்தது. கடல் தாண்டியும் தெருவைச் சுமந்துகொண்டு வந்த மனுஷன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த சந்தில் ஒரு சிங்களக் கிழவி, எத்தனை பேர் என்று விரல் காட்டிக் கேட்டுச் சாவியைத் தந்தாள். உள்ளே போய்ப் படுத்து அண்ணாச்சியைத் திட்டித் தீர்த்தேன். அப்போதுதான், ஊரில் எங்கள் பின்கட்டை வாடகைக்குக் கேட்டு வந்தவர் நினைவுக்கு வந்தார். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் எந்தத் தெரு என்பதுதான்.