ஸ்காலர்ஷிப்பைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள், நைனா சிரித்தார்!

இன்று காலை ஒரு பெண் இங்கே கேட்டிருந்தார்: "காலேஜில் சேர்ந்து ரெண்டு மாசத்தில் நின்றுவிட்டால் கட்டின ஃபீஸ் திரும்பக் கிடைக்குமா? வாங்கின ஸ்காலர்ஷிப்பைத் திருப்பிக் கட்டணுமா?"

இதே கேள்வியோடு என் நைனா ஒரு காலேஜ் கவுண்ட்டரில் நின்றார்.

ஐம்பதுகளின் கடைசியில்!

(ஆமாம், எனக்கு அவ்வளவு வயசாகிறது. ஒற்றை விரலால்தான் டைப் செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது நான் மெட்ராஸில் பி.யூ.சி. படித்தேன், பி.ஏ.வுக்கு முந்தின ஒரு வருஷப் படிப்பு. கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயில். ஃபீஸில் பாதி சலுகை, கூடவே ஸ்காலர்ஷிப். மீதியை நைனா நெல் விற்றுக் கட்டியிருந்தார்.

ரெண்டு மாதம்தான் போயிருப்பேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தை வந்தார். நைனாவின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

தன் மகனுக்கு என்னைக் கேட்டார். கேட்டார் என்பது ஒரு மரியாதைக்கு! முறைப்பெண்ணை யாராவது கேட்பார்களா? சொல்லிவிட்டுப் போவார்கள்.

"படிச்சது போதும்டா. ஐப்பசில கல்யாணம். காலேஜுக்குக் கட்ன பணத்த திருப்பி வாங்கினு வா, தாலிக்கு ஆவும்."

"செரிக்கா" என்றார் நைனா. (அக்காவிடம் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை!)

நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. நைனா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்திருக்கும், அடுத்து நடந்தது நடக்காமல் போயிருந்தால்.

மூன்றாம் நாள் விடிந்ததும் என் நோட்டுகளை எல்லாம் ஒரு கோணியில் போட்டுக் கட்டினார்.

"இது எதுக்கு நைனா?"

"திருப்பிக் குடுக்கத்தான். பாதிக்கு மேல நீ எழுதவே இல்லியே!"

விதைநெல் வாங்கின கடையில் மூட்டையைத் தையல் பிரிக்காமல் கொண்டுபோனால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். காலேஜும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் மனுஷன்!

கவுண்ட்டரில் ஹெட் கிளார்க் கோணியைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார்.

"ஐயா, நோட்டு நீங்க கடையில வாங்கினது. எங்களுக்கு வேணாம்."

"செரி சார். ரெண்டு மாசம் படிச்சதுக்கு எடுத்துக்கினு மிச்சத்த குடுங்க."

"டெர்ம் ஆரம்பிச்சாச்சு. ஃபீஸ் திரும்ப வராது. டெபாசிட் பத்து ரூபா மட்டும் வரும்." ஒரு ஃபைலைப் புரட்டினார். "ஆனா நடுவுல நின்னா, வாங்கின ஸ்காலர்ஷிப்பை நீங்க திருப்பிக் கட்டணும். சலுகை குடுத்த பாதி ஃபீஸையும் சேத்து. அப்புறம்தான் டி.சி."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படிப்பும் போய், கடனும் ஏறப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

நைனா கோணியைக் காலோரம் இழுத்துவைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முழுசா படிச்சி முட்ச்சா?"

"ஒத்த பைசா கட்ட வேணாம்."

"கட்டாம நின்னுட்டா?"

"வீட்டுக்கு நோட்டீஸ் வரும்."

"நோட்டீஸா! கவுருமெண்ட்டு நோட்டீஸா?"

"ஆமாய்யா."

சிரித்தார்! மூன்று நாளில் முதல் தடவையாக என் நைனா சிரித்தார்!

"அத அப்டியே எழுதிக் குடுங்க சார்."

கிளார்க் பாவம், குழம்பிப்போனார். "இங்க வர்றவங்க எல்லாம் கொறைச்சுப் போடச் சொல்லித்தான் கேப்பாங்க..." என்றபடியே எழுதிப் படித்துக் காட்டினார்.

நைனாவுக்குத் திருப்தி இல்லை.

"இன்னும் கொஞ்சம் கோவமா எழுதுங்க சார். சீலு ரெண்டா போடுங்க."

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் தாவணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிவப்பு மையில் ஒரு அடிக்கோடு இழுத்து, டொக் டொக்கென்று ரெண்டு சீல் குத்தினார். மகராசன்!

அந்த வாரமே அத்தை வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன், குரல் நடுங்காமல். அத்தை சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாடா இது, பொண்ணு மேல கவுருமெண்ட்டு கடனா?"

"நான் இன்னாக்கா பண்றது? படிச்சி முட்ச்சாத்தான் உடுவாங்களாம்."

"அது வரைக்கும் எம்புள்ள குந்திக்கினு இருப்பானா?"

நைனா தலையைச் சொறிந்தார். அவ்வளவு சோகமாக ஒரு மனிதர் தலையைச் சொறிந்து நான் பார்த்ததே இல்லை!

(மகனுக்கு வேறு பெண் பார்த்து, அதே ஐப்பசியில் கல்யாணம் முடித்தார் அத்தை. நானும் போய் வெட்கமில்லாமல் ரெண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.)

அத்தை ஊருக்குப் போன மறுநாள் நைனா என்னை ரயிலேற்ற கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தார். பிளாட்பாரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா தூக்கி வளத்த ஒடம்பும்மா இது. அவங்களாண்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அன்னிக்கி நீ ரெண்டு நாளு துன்னல, எனக்கும்தான் எறங்கல."

எனக்குத் தெரியவே தெரியாது. அவரும் பட்டினி கிடந்திருக்கிறார். அத்தனை நாள் கோபமும் அந்த இடத்திலேயே கரைந்துபோனது.

"பி.ஏ.வுக்கும் இந்த ஸ்காலர்ஷிப்பு குடுப்பாங்களா?"

"மார்க்கு வாங்கினா குடுப்பாங்க நைனா."

"எத்தினி வருசம்?"

"மூணு."

"நடுவுல நின்னா மொத்தமும் கட்டணுமா?"

"ஆமா."

ரயில் வந்துவிட்டது. என்னை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்று சொன்னார்:

"நல்லா படிச்சி நெறைய வாங்கிக்கோ கண்ணு. என்னால திருப்பிக் கட்ட முடியாத அளவுக்கு வாங்கிக்கோ!"