மாமனார் கொடுத்த தேதி

மருத்துவமனைப் பதிவுகளை லட்சக்கணக்கில் அலசி, யாருக்கு எப்போது என்ன பரிசோதனை தேவை என்று கணிப்பது என் வேலை. தப்பான தகவலைக் கண்டாலே எரிச்சல் வரும். வீட்டிலேயே ஒன்று இருந்தது. என் கணவரைச் சீக்கிரம் பள்ளியில் சேர்க்க, மாமனார் பிறந்த தேதியையே மாற்றி, அவர் வயதை ஒரு வருடம் கூட்டிக் கொடுத்திருந்தார்.

போன வருடம், நாற்பத்தைந்து ஆகிவிட்டதென்று குடல் பரிசோதனைக்கு அவரை அழைத்து மெசேஜ் வந்தது.

"நெஜமா எனக்கு நாப்பத்தி நாலுதானே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று நழுவினார்.

"பாஸ்போர்ட்ல இருக்கறதுதான் வயசு. பேசாம கெளம்புங்க" என்று கத்தினேன்.

புற்றாக மாறக்கூடிய சின்னக் கட்டி ஒன்றை எடுத்தார்கள்.

இந்த வருடம் அவருடைய நிஜப் பிறந்தநாளோடு, மாமனார் கொடுத்த பொய்த் தேதியன்றும் பாயசம் வைத்தேன்.