மூன்றாம் மேஜையும் என் வீட்டுக்காரி தோளும்

பிணத்தை அறுத்துப் படிக்கிற கூடத்தில் வேலை என்று சொன்னால் போதும், கல்யாணப் பந்தியில் நம் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். வெளியே சொல்ல முடியாத வேலை வாய்த்தவர்களுக்குத்தான் அது புரியும். அது போதாதென்று, பட்டுத் தறியில் உட்காருகிற என் வீட்டுக்காரி சரோஜா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். செத்தால் அவள் உடம்பை எங்கள் மெடிக்கல் காலேஜுக்கே கொடுத்துவிட வேண்டுமாம். சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கூடத்தில் என் காதில் விழுவதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்?

பை வைத்த இடம்

முதல் நாள் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு வரிசையாக நின்று, இந்த உடம்பை மரியாதையாக நடத்துவோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புரொபசர் அந்தப் பக்கம் போனதும், வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற திவ்யா, மூன்றாம் மேஜையில் பிணமாகக் கிடந்த யாரோ ஒரு அம்மாவின் கால்மேல் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுக் கையுறை மாட்டினாள். "என்னம்மா இது?" என்றேன்.

"அவங்களுக்கு வலிக்காதுண்ணா."

ஒல்லியா ஒருத்தர்

தோலை உரித்தால் அந்த அம்மாவுக்கு ஒரே கொழுப்பு. அதை வழித்தெடுத்தால்தான் நரம்பு தெரியும். நாள் முழுக்க வழித்தும் தீரவில்லை, கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தார்கள். சரோஜாவும் பூசினாற்போல உடம்புக்காரிதான். அதே மேஜையில் அவளை நினைத்துப் பார்த்தேன், கையிலிருந்த வாளி நழுவி விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய திவ்யா சொன்னாள்:

"அண்ணா, அடுத்த வாட்டியாவது ஒல்லியா ஒருத்தரைப் பாத்துக் குடுங்கண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கையெழுத்தும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சாப்பிடப் போகாத மத்தியானம்

ஒரு நாள் எல்லாரும் சாப்பிடப் போனார்கள், திவ்யா போகவில்லை. அந்த அம்மாவின் தோளைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தசை நார் நாராகக் கிழிந்து, எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்திருந்ததை எனக்குக் காட்டினாள்.

"ரொம்ப வருஷம் வலிச்சிருக்கும்ணா. கையைத் தூக்கித் தலை பின்னக்கூட முடிஞ்சிருக்காது. வீட்ல யாருமே கேக்கலையாண்ணா?"

தறியை விட்டு எழாத பதில்

சாயந்திரம் சரோஜாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பையைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன், பயந்து மனசை மாற்றிக்கொள்வாள் என்று பார்த்தேன். கடைசியில் தோளையும் திவ்யா கேட்டதையும் சொன்னேன். தறியில் ஓடிய அவள் கை நின்றது.

"நானுந்தான் தெனம் தோள் வலிக்குது, தோள் வலிக்குதுன்னு சொல்லிக்கினு கெடக்கறேன், நீ என்னிக்காவது திரும்பிப் பாத்தியாய்யா? செத்தப்புறமாவது அந்த மாதிரி ஒரு பொண்ணு பாக்கட்டும், கையெழுத்தைப் போடு."

கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தைலப் புட்டியை எடுத்தேன். நாளைக்கு அந்தக் கூடத்தில் இவள் தோளைத் திறந்து பார்க்கிற ஒரு பிள்ளை, வீட்டில் யாருமே கேட்கவில்லையா என்று என்னிடமே கேட்டுவைத்தால் நான் என்ன பதில் சொல்வது?