தண்ணீர் இறங்கும் நேரம்

அம்மாவின் விரல்களில் ஊறிப்போன ஏலக்காய் வாசனையும், தொட்டிச் சுவரின் பாசி வாடையும், மோட்டார் அறையின் கிரீஸ் நாற்றமும் ஒன்றாகக் கலந்து நினைவில் ஏறினால், இன்றைக்கும் என் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கிவிடும். வேறெதற்கும் அவை சொன்னபடி கேட்பதில்லை என்பதால் நடுக்கத்தையும் ஒரு முன்னேற்றமாகவே கணக்கில் வைத்திருக்கிறேன்.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளைவாதம் என் இரண்டு கால்களையும் சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு எட்டு வயதானபோது மதுரை டாக்டர் ஒருவர், "மாரளவு தண்ணியில தினமும் நிக்க வைங்கம்மா, பாதிப் பாரத்தைத் தண்ணி தாங்கிக்கும்" என்றார். போடியில் அதற்கு ஏது குளம்? ராசிங்காபுரத்தில் மாமாவின் வாழைத்தோட்டத்துப் பம்புசெட் தொட்டிதான் கிடைத்தது. அப்பா விடியுமுன்பே ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். எனவே ஏலக்காய் பொறுக்கும் "சோலி"க்குக் கிளம்புமுன் நீச்சல் தெரியாத அம்மா சேலையை வரிந்துகட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்க, அவளைப் போலவே நீச்சல் தெரியாத என்னை மாமா சுவருக்கு மேலாகத் தூக்கி அவள் கையில் கொடுப்பார்.

மற்ற பிள்ளைகள் தண்ணீர் ஏறினால் பயப்படுவார்கள்; நான் இறங்கினால் பயப்படுவேன். தொட்டி நிறைந்திருக்கும்போது யாரோ இரவல் கொடுத்த நல்ல கால்களோடு நான் ஒரு சண்டியர். ஆனால் சுவரடியில், வாழைக்குத் தண்ணீர் போகும் ஓர் ஓட்டை இருந்தது. மாமா பழைய துண்டைச் சுருட்டி வெளியிலிருந்து அதை அடைத்திருப்பார். "மாப்ளே, எருமகூட இம்புட்டு நேரம் ஊறாதுடா. வெரசா ஏறு, வாழ காயுது" என்று அவர் துண்டை நோக்கிக் குனிந்தாலே, இரவலைத் திருப்பிக் கேட்க ஆள் வந்துவிட்டதுபோல அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வேன்.

ஒருநாள் கரண்டு போய் மோட்டார் நின்றது. மாமா தோட்டத்தின் கடைசியில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். நைந்துபோன துண்டு பிய்த்துக்கொண்டு வாய்க்காலோடு போய்விட்டது. மாரிலிருந்த தண்ணீர் வயிற்றுக்கு இறங்கியது. என் உடம்பின் கனம் ஒவ்வொரு படியாகத் திரும்பி வந்தது. "அம்மா, தூக்கு, தூக்கு!" என்று அலறினேன். தூக்கப் பார்த்தவள் பாசியில் வழுக்கித் தண்ணீருக்குள் மறைந்தாள்.

அத்தனை பெரிய உருவம் அத்தனை சிறிய தொட்டியில் காணாமல்போகும் என்று நான் நினைத்ததே இல்லை. சுவரின் விளிம்பை இரண்டு கைகளாலும் கவ்வினேன். முடியெல்லாம் முகத்தில் ஒட்ட, இருமிக்கொண்டே எழுந்த அம்மா, "விட்றாத அப்பு! அண்ணே, ஓடியாங்கண்ணே!" என்று கூப்பாடு போட்டாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டித் தொடைக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு. ஓடிவந்த மாமா சுவரில் தொற்றி எட்டிப் பார்த்து, "அடியே தங்கச்சி, பய நிக்கிறான்டி!" என்றார்.

நிற்பது நான்தான் என்று தெரிந்த கணமே விழுந்தேன்.

மறுநாளிலிருந்து மாமா வேண்டுமென்றே துண்டை இளக்கினார். "இன்னைக்கு ஒரு சாண் மட்டும், மாப்ளே." ஒவ்வொரு சாணுக்கும் அழுதேன். பல மாதங்கள் கழித்து, ஈரத் தரையில் கம்பை ஊன்றி நின்றபோதும் அழுதுகொண்டுதான் நின்றேன்.

இன்று கிணறு வற்றிவிட்டது. தொட்டிக்குள் சொட்டுநீர்க் குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. இளம்பிள்ளைவாதமும் ஊரைவிட்டுப் போய்விட்டது. எனக்குக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. வயது ஏற ஏறக் கால்கள் மறுபடி தளர்வதால், தேனியில் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குப் போகிறேன். வெந்நீர்க் குளம், படிகள், பளபளக்கும் கைப்பிடி. போன வாரம், கால்கள் விறைத்த ஒரு சிறுமி குளத்தைவிட்டுப் படியேற மறுத்துக் கதறினாள். "தண்ணின்னா இவளுக்கு உசுருங்க, வெளியவே வர மாட்டா" என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"தண்ணி ஆசை இல்லம்மா, கனம் திரும்புதுல்ல, அந்தப் பயம். ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் நிக்க விடுங்க" என்றேன்.

சிறுமி நின்று நின்று, அழுதுகொண்டே ஏறினாள். அடுத்து ஏறவேண்டியவன் நான். தண்ணீர் மார்பிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. ஐம்பது வயதுக்காரன் கதறினால் நன்றாக இருக்காது என்பதால், கைப்பிடியை மட்டும் கவ்வினேன்.