பினுவுக்காக சுவக்கீன் படித்த இங்கிலீஷ்

மனிதர்கள் இங்கிலீஷ் படிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. வேலை, விசா, பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிட்டார் என்கிற கவலை. சாந்தன்பாறை ஜீப் டிரைவர் சுவக்கீன் ஐம்பது வயதுக்கு மேல் இங்கிலீஷ் படித்தது இவற்றில் எதற்காகவும் இல்லை. பினு என்கிற ஒரு மனிதனைப் பழிவாங்குவதற்காக. கல்வியின் உயர்ந்த நோக்கங்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஏனோ இதைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து, ஆரம்பித்த பாடத்தை நடுவில் விடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான்.

சுவக்கீனின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். மகனுக்குத் தோட்டம் ஒத்துவரவில்லை. ஒரு பழைய ஜீப்பை வாங்கி, முன்கண்ணாடியில் அந்தோணியாரை ஒட்டி, சுற்றுலா வருகிறவர்களை மலை உச்சிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். மனைவி கத்தரீனாள் ஏலக்காய் எடுக்கப் போகிறாள். பினு கோட்டயத்துக்காரன், ரோட்டோரத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறான். அவன் கைகாட்டுகிற ஜீப்பில்தான் அவன் வீட்டு விருந்தாளிகள் ஏறுவார்கள். ஆகவே பினுவிடம் எந்த ஜீப்காரரும் குரல் உயர்த்துவதில்லை.

எங்கள் மலையில் ஒரு வசதிக்குறைவு உண்டு. எல்லை மலை ஆகையால் இங்கே எல்லாருக்கும் தமிழும் தெரியும், மலையாளமும் தெரியும். ஓர் ஆளை நிற்கவைத்துக்கொண்டே அவரைப் பற்றிக் கேவலமாகப் பேச வேண்டுமென்றால் இங்கிலீஷை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் போக்கிடத்தில் பினு நிரந்தரமாகக் குடியிருந்தான்.

இதோடு எங்கள் சுற்றுலாத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்றும் இருக்கிறது. விருந்தாளி சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. சிரிக்காதவனை மூஞ்சி சரியில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஜீப்காரருக்கும் இதுதான் சட்டம், ஹோம்ஸ்டேக்காரருக்கும் இதுதான்.

ஒரு விடியற்காலை ஹோம்ஸ்டே முற்றத்தில் விருந்தாளிகள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தபோது பினு சுவக்கீனைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். சட்டப்படி சுவக்கீனும் சிரித்தார். தொழில் பக்தி உள்ளவர் ஆகையால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சிவசங்கரி என்கிற கோயமுத்தூர்ப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மலை உச்சியில் மற்றவர்கள் படம் பிடிக்க இறங்கியதும் அவள் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, அவரு என்ன சொன்னாருன்னு தெரிஞ்சுதானுங்க சிரிச்சீங்க?"

தெரியாது என்றார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இந்த வண்டிக்காவது மூளை உண்டு, ஓட்டுகிறவனுக்குக் கிடையாது. என்ன திட்டினாலும் பல்லைக் காட்டித் தலையாட்டுவான், வேண்டுமானால் திட்டிப் பாருங்கள் என்று சொன்னானாம். ஒருவர் திட்டிப் பார்த்தும்விட்டாராம். ஏறும்போது "கோவேறு கழுதையே, காலை வணக்கம்" என்று கை நீட்டினாராம். சுவக்கீன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கியது எல்லாருக்கும் தெரியும்.

வேறு ஆளாக இருந்தால் கீழே வந்ததும் பினுவின் சட்டையைப் பிடித்திருப்பார். சுவக்கீன் இறக்கம் முழுக்க யோசித்தார். சட்டையைப் பிடித்தால் அன்றைக்கு மட்டும்தான் சுகம். திட்டியது கூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. தன் சிரிப்பைத் தன்னிடமிருந்தே பிடுங்கித் தன்மேல் எறிந்தானே, அதுதான். பினுவும் அதே முற்றத்தில், அதே மாதிரி விருந்தாளிகள் நடுவில், தன்னைக் கேவலப்படுத்துகிற பேச்சுக்குப் பல் தெரியச் சிரிக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் அவருக்கு வேண்டியதில்லை.

வண்டியை நிறுத்தியதும் சிவசங்கரியிடம் இங்கிலீஷ் படிக்க வழி கேட்டார். பேங்க் வேலைக்காகத் தான் கேட்டுப் படித்த, செய்தியை வைத்து இங்கிலீஷ் சொல்லித்தரும் நிகழ்ச்சியை அவள் அவருடைய போனில் போட்டுக் கொடுத்தாள். நாட்டு நடப்பில் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். முதலில் சும்மா கேட்க வேண்டும். அப்புறம் அதையே எழுத்தில் படித்துக்கொண்டு கேட்க வேண்டும். கடைசியில் தானே உரக்கச் சொல்ல வேண்டும். விருந்தாளிகள் உச்சியில் மேகத்தைப் படம் பிடிக்கும் நேரமெல்லாம் சுவக்கீன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உலகத்தைக் கேட்டார். மின்சாரக் கார், கடலில் சேரும் பிளாஸ்டிக், செயற்கை நுண்ணறிவு, வட்டி விகிதம், உருகும் பனிமலை, வாரத்தில் நாலே நாள் வேலை. இந்தக் கடைசி விஷயத்தைக் கத்தரீனாளிடம் சொல்லப்போய், அவள் காய் எடுத்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்ததால், அந்தப் பாடத்தை மட்டும் அவர் திரும்பப் படிக்கவில்லை.

இந்தக் கல்வியில் ஒரு சின்னக் குறை இருந்தது. செய்தியில் வருகிற இங்கிலீஷ் அத்தனையும் அவருக்கு வந்தது; மனிதர்கள் பேசுகிற இங்கிலீஷ் ஒரு சொல்லும் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரர் அவசரமாக வந்து கக்கூஸ் எங்கே என்று கேட்டபோது, நிலைமை கவலைக்கிடமாக இருப்பதாகவும் அரசுகள் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அவரால் பதில் சொல்ல முடிந்தது. அந்த மனிதர் ஒப்புக்கொண்டு ஏலச்செடிகளுக்குள் ஓடினார்.

அடுத்த சிக்கல் மாதா கோயில் பங்கிலிருந்து வந்தது. பூட்டிய ஜீப்புக்குள் கண்ணை மூடி, உடம்பை ஆட்டி, யாருக்கும் புரியாத பாஷையில் சுவக்கீன் பேசுகிறார் என்று செய்தி பரவியது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சுவக்கீன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார், அந்நிய பாஷை வரம் இறங்கிவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம சபை மாறிட்டீகளா?" என்று கத்தரீனாள் கேட்டாள். "மாதா படத்த என்ன பண்ணப் போறீக?"

பங்கில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அமிர்தநாதன் விசாரணைக்கு வந்தார். ஜீப் கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மத்திய வங்கிகள் பணவீக்கத்தை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தன. பரிசுத்த ஆவியானவர் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேச மாட்டார் என்று முடிவுசெய்து, பங்குச் சாமியாரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனால் கத்தரீனாளிடம் காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. பழி வாங்குவது பாவம், சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுங்கள் என்றாள். செய்யாத பாவத்தை எப்படிச் சொல்வது, முதலில் செய்துமுடிக்கிறேன் என்றார் சுவக்கீன். வேதத்தில் இதற்கு இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. கத்தரீனாளுக்கும் தெரியாததால் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இனிமேல்தான் உண்மையான படிப்பு. பினுவுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று சுவக்கீன் பார்க்க ஆரம்பித்தார். முற்றத்தில் டயருக்குக் காற்றுப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டு கேட்டார். ரூம், பெட், பிரேக்ஃபாஸ்ட், வியூ, சன்ரைஸ், ஹாட் வாட்டர், பாத்ரூம், பேமென்ட், நோ ப்ராப்ளம். இவற்றோடு ஆளை மட்டம் தட்டுவதற்கு வேண்டிய சில்லறைச் சொற்கள். அவ்வளவுதான் அவன் சொத்து. ஆக, பினுவைப் பற்றியே பேச வேண்டும், ஆனால் பினுவுக்குத் தெரிந்த ஒரு சொல்கூட உள்ளே வரக் கூடாது. செய்தி இங்கிலீஷ் இதற்கென்றே கடவுள் படைத்தது மாதிரி இருந்தது. அதில் எந்தப் பொருளையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பினுவின் வீட்டில் பழிக்கு ஏற்ற பொருள் தயாராக இருந்தது. வெந்நீர் உண்டு என்று போர்டு சொன்னது. குழாய் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சுவக்கீன் வாக்கியத்தைக் கட்டினார், பிரித்தார், திரும்பக் கட்டினார். ஏற்றத்தில் ஒரு மாதிரி, இறக்கத்தில் ஒரு மாதிரி சொல்லிப் பார்த்தார்.

மார்கழிக் குளிரில் அந்தக் காலை வந்தது. மும்பையிலிருந்து வந்த கூட்டம் ஒன்று குளித்துவிட்டு, உதடு நீலமாகி, துண்டைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் நின்றது. பினு வழக்கம்போல சுவக்கீனைக் காட்டி ஆரம்பிக்க வாயெடுத்தான். சுவக்கீன் முந்திக்கொண்டார். செய்தி வாசிக்கிறவரின் குரலில், முகத்தில் ஒரு ரேகை அசையாமல், இங்கிலீஷில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"உலகின் வெப்பநிலை தொடர்ந்து உயர்ந்துவருவதாக விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். ஆனால் இந்த இல்லத்தின் நீராடும் வசதிகளில் அதற்கான ஆதாரம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. இதன் உரிமையாளர் கருத்துக் கூற மறுத்துவிட்டார்."

முற்றமே சிரித்தது. துண்டைப் பிடித்தபடி ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் பினுவைப் பார்த்தார்கள், திரும்பச் சிரித்தார்கள். பினு சுற்றிலும் பார்த்தான். சட்டம் சட்டம்தானே. அவனும் சிரித்தான். கையைத் தட்டி, தலையை ஆட்டி, நோ ப்ராப்ளம் நோ ப்ராப்ளம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சுவக்கீன் அந்தப் பற்களை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படியில் உட்கார்ந்த பெரியவர் எழுந்து வந்து, பினுவின் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தட்டிக்கொடுப்பது மாதிரி. அங்கேதான் பினுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான். முகத்தில் எப்போதும் இல்லாத மரியாதை.

"அண்ணா, காலையில நீங்க எந்தா பறஞ்சது?"

"உலக நிலவரம்."

"அதுக்கு எதுக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க?"

"நீயும்தான சிரிச்ச? உனக்குத் தெரியாதா?"

ஹோம்ஸ்டேக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஸ்டாண்டில் ஒத்துக்கொள்ள முடியுமா?

மறுநாள் கப்பக்கிழங்கும் மாட்டிறைச்சியும் அனுப்பினான். சுவக்கீன் சாப்பிட்டார், சொல்லவில்லை. விருந்தாளிகளை எல்லாம் அவர் ஜீப்பிலேயே ஏற்றினான். ஏற்றிக்கொண்டார், சொல்லவில்லை. கத்தரீனாள் இப்போதாவது சாமியாரிடம் போங்கள் என்றாள். போனால் அவனிடம் உண்மையைச் சொல்லி சமாதானம் ஆகச் சொல்லுவார், அது நடக்காது என்றார் சுவக்கீன். வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் பண்ணியாக வேண்டிய பாஸ்கா திருநாளும் வந்து போய்விட்டது.

எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியாத மனிதன் எல்லாவற்றையும் சந்தேகப்படுவான். பினு முதலில் பூப்போட்ட திரைச்சீலைகளைக் கழற்றினான். பிறகு வாசலில் இருந்த சிமென்ட் யானையை இடித்தான். போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தான். லுங்கியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறினான். வெந்நீர்க் குழாயை மட்டும் தொடவே இல்லை. விருந்தாளி யாராவது சிரித்தால் தானும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், பாதி உதட்டைத் திறந்து சுவக்கீனின் முகத்தைப் பார்ப்பான். சுவக்கீன் அப்போது கடல் மட்டம் உயர்வதைப் பற்றி விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

போன வாரம் பினு மீசையை எடுத்துவிட்டான். பதினெட்டு வயதிலிருந்து வைத்திருந்த மீசை. மேலுதடு வெளுத்துக் கிடக்க, ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் வந்து நின்றான்.

"இப்போ சரியாயோ, அண்ணா?"

சுவக்கீன் ஜீப்பை விட்டு இறங்கி, அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எதிரில் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"பரவால்ல," என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு."